பல்கலைக்கழகப் பதிவு ரத்தான பிறகு மறுபடி உள்ளே போக முடியுமா?

ஒரு மாணவத் தம்பி எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தைச் சுருக்கினால் கேள்வி இதுதான். ஊர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கலைப்பீடம், தமிழ்மொழி மூலம். முதலாம் வருடத்தில் பத்துப் பாடத்தில் நான்கு ஃபெயில். இரண்டாம் வருடம் தொடங்குகிற நேரத்தில் அப்பாவை மலையில் குளவி கொட்டியது. அது சிறுநீரகத்தையும் பாதித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தார். தங்கைக்கு அந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை). தம்பி யாருக்கும் சொல்லாமல் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். பதினான்கு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: பதிவைப் புதுப்பிக்காததால் மாணவர் பதிவு ரத்து. ‘எல்லாம் முடிந்துவிட்டதா சேர், மறுபடி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதித்தான் வரவேண்டுமா?’ என்று கேட்கிறார்.

எல்லாம் முடிந்துவிடவில்லை தம்பி. ஏ.எல். யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்குள் எழுதிய பெறுபேற்றைத்தான் எடுப்பார்கள். அதோடு, ஒரு தடவை உள்வாரி மாணவராகப் பதிந்தவர் மறுபடி விண்ணப்பிப்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நுவரெலியா மாவட்ட இசட் புள்ளியில் (ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) கஷ்டப்பட்டு எடுத்த இடம் அது. கதவு பூட்டியிருக்கிறது என்பதற்காக வீட்டையே விட்டுப் போகக் கூடாது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். எந்த இடம் என்பது வேண்டாம். இப்படிப்பட்ட மேன்முறையீடுகள் நூற்றுக்கணக்கில் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. நிராகரிக்கப்பட்டவற்றில் பாதிக்குமேல் நியாயமில்லாத கதைகள் அல்ல. நியாயமான கதைகள்தான், கடதாசி இல்லாமல் வந்தவை.

முதலில் உங்களுக்கு நடந்தது என்னவென்று சரியாகப் பெயர் வைக்க வேண்டும். இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பக்கங்கள்தான் வரிசையாக வரும். அங்கே சராசரி 2.0க்குக் கீழே போனால் முதலில் எச்சரிக்கை, அடுத்த செமஸ்டரும் அப்படியே என்றால் இடைநிறுத்தம், பிறகு நீக்கம் என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. நம் நாட்டில் அப்படி மார்க்ஸுக்காக மட்டும் இடையில் அனுப்பிவிடுவது வழக்கமில்லை. பாடம் ஃபெயில் என்றால் ‘ரிபீட்’ எழுதலாம், அவ்வளவுதான். நம்மவர்கள் வெளியே போவது வேறு வழிகளில். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டு, பெயர் வெட்டப்படுவது ஒன்று. பட்டத்துக்கு வைத்திருக்கும் உச்சக் காலம் தாண்டிவிடுவது இன்னொன்று. பல பீடங்களில் அது படிப்புக் காலத்தைப் போல இரண்டு மடங்கு வரை. மூன்றாவது, வகுப்புத்தடை, அதாவது ஒழுக்காற்று நடவடிக்கை. பரீட்சையில் துண்டு வைத்திருந்ததோ, பகிடிவதையோ (ராகிங்), அடிதடியோ.

இந்த மூன்றுக்கும் மூன்று கதவு. தமிழில் பேசும்போது எல்லாவற்றையும் ‘கெம்பஸை விட்டு நிப்பாட்டிட்டாங்க’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். பீடாதிபதி முன்னால் அப்படிச் சொன்னால் அவர் உங்களை ஒழுக்காற்றுக் கேஸ் என்று நினைத்துக்கொள்வார். உங்களுடையது முதலாவது வகை. மூன்றிலும் இதுதான் இலேசானது.

இனிக் கடிதம். அது எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படி வந்தது என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்கும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது. தபால் தோட்ட ஒஃபீஸுக்கு வரும், அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள். கடிதத்தில் ‘இத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த நாட்கள் ஒஃபீஸ் பெட்டியிலேயே முடிந்து போயிருக்கும்.

மஸ்கெலியாப் பக்கப் பிள்ளை ஒருவரின் கோப்பு நினைவிருக்கிறது. மேன்முறையீடு ஐந்து வாரம் பிந்தி வந்திருந்தது. காலம் கடந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தாகிவிட்டது. அப்புறம் பார்த்தால் அந்தப் பிள்ளை கடித உறையையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார். உறையின் முதுகில் உப தபாலகத்தின் முத்திரை, திகதியோடு. அதற்குக் கீழே தோட்டத்துக் கிளாக்கர் கையெழுத்தில் ‘இன்ன திகதி கையளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. பீடச் சபையில் அந்த உறை கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. தாமதம் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. உறையை எறிந்துவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடைமுறைக்கு என் யோசனை வேறு: தமிழில் எழுதி, ஓர் ஆங்கிலப் பிரதியையும் கூடவே இணைத்துக் கொடுங்கள். பீடச் சபையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்புக்குப் போன கடிதம் ஒரு கூட்டத்தைத் தவறவிடும், அடுத்த கூட்டம் வரும்வரை உங்கள் உச்சக் காலமும் ஓடும்.

யார் முடிவெடுப்பது? துணைவேந்தரைப் போய்ப் பிடித்தால் சரி என்று பல பேர் நினைக்கிறார்கள். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, கிழக்கு, யாழ்ப்பாணம் எல்லாமே 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. படிப்பு சம்பந்தப்பட்ட விடயம் பீடச் சபைக்குப் போய், அங்கே சிபாரிசு ஆகி, மூதவைக்குப் போகும். அதைத்தான் நாம் செனட் என்கிறோம். ஒழுக்காற்று விடயம் துணைவேந்தரின் பொறுப்பு. அதற்கு மேலே பேரவை இருக்கிறது. விவரங்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் துணைவிதிகளிலும் பீடத்தின் கைநூலிலும் வேறுபடும். முதலாம் வருடம் பதியும்போது தந்த கைநூலை யாரும் திறந்து பார்ப்பதில்லை, இப்போது திறக்க வேண்டிய நேரம். தொலைந்துவிட்டது, ஒஃபீஸில் கேட்டாலும் தரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் துணைவிதிகளையும் உங்கள் சொந்தக் கோப்பின் பிரதியையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வினாத்தாள், விடைத்தாள் பக்கம் போகாதீர்கள். பரீட்சை இரகசியம் என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

ஆக, உங்கள் முதல் ஆள் துணைவேந்தர் அல்ல. பீடத்தின் உதவிப் பதிவாளர். பையன்கள் பாஷையில் ஏ.ஆர். ஒஃபீஸ். அங்கே போய் மூன்று விடயம் கேளுங்கள். மீள்பதிவுக்குத் தனி விண்ணப்பப் படிவம் இருக்கிறதா, அடுத்த பீடச் சபைக்குப் பத்திரங்கள் எந்தத் திகதியோடு மூடப்படுகின்றன, என்னுடைய உச்சக் காலம் எப்போது முடிகிறது. மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்து வருபவர்கள்தான் அதிகம். நீங்கள் வெளியே இருந்த பதினான்கு மாதமும் அந்தக் காலத்தில் கழிபடுமா, இல்லை ஒத்திவைப்பாகக் கணக்கிடப்படுமா என்பது பெரிய வித்தியாசம். முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போயிருந்தால் அது ஒத்திவைப்பு. கேட்காமல் போனதால், கடந்துபோன அந்தக் காலத்தையும் ஒத்திவைப்பாகக் கருதும்படி மேன்முறையீட்டிலேயே தனியாகக் கேட்க வேண்டும். தருவார்கள் என்று இல்லை. கேட்காவிட்டால் நிச்சயமாக இல்லை.

இனி, கடதாசிகள். உங்கள் காரணத்துக்கு மூன்று கால் இருக்கிறது: அப்பா விழுந்தது, வீட்டில் வருமானம் நின்றது, நீங்கள் வேலைக்குப் போனது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கடதாசி வேண்டும். முதலாவதுக்கு ஆஸ்பத்திரி வாட்டை விட்டு வரும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் புத்தகமும். இரண்டாவதுக்கு எல்லோரும் ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் கொண்டு வருவார்கள். ‘இவர் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், எனக்கு நன்கு அறிமுகமானவர்’ என்று ஒரே வாக்கியத்தில் ஆயிரம் கடிதம் பார்த்திருக்கிறேன், அதை யாரும் வாசிப்பதில்லை. தோட்டத்து ஒஃபீஸில் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு இருக்கிறது, அப்பா எந்த மாதத்தில் எத்தனை நாள் பெயர் போட்டார் என்பது அதில் வெளிச்சமாகத் தெரியும். அதிலிருந்து மாதவாரியாக ஒரு கடிதம் கேளுங்கள், இல்லையென்றால் அப்பாவின் சம்பளத் துண்டுகளை அடுக்கிக் கொடுங்கள். ஒரு மாதம் இருபத்திரண்டு நாள், அடுத்த மாதம் நான்கு நாள், அதற்கடுத்த மூன்று மாதமும் பூச்சியம் என்று இருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்றாவதுக்குக் கடை முதலாளியிடம் சேர்ந்த திகதியும் விட்ட திகதியும் போட்ட கடிதம்.

ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கடுமையாகவே. உங்களுக்கு யாராவது ‘உனக்கே ஒரு மெடிக்கல் போட்டுக்கொள், இலேசா முடியும்’ என்று சொல்லியிருப்பார்கள். வேண்டாம். மெடிக்கல் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் போகும், அவர் கொடுத்த இடத்தில் விசாரிக்கலாம். அப்பாவின் நோய்க்கு உங்களுக்கு மெடிக்கல் கிடைக்காது, பொய்யாக எடுத்தால் இலேசான பதிவுப் பிரச்சினையைக் கையாலேயே ஒழுக்காற்றுக் கேஸாக மாற்றிக்கொள்கிறீர்கள். அப்படிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு உண்மையிலேயே மனம் சரியில்லாமல் இருந்தது, தூக்கமில்லை என்றால் அது வேறு. இப்போதாவது அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள், 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். அது கோப்புக்காக இல்லை, உங்களுக்காக.

அமைச்சரின் கடிதம், தொழிற்சங்கத் தலைவரின் கடிதம் எதுவும் வேண்டாம். கோப்பில் போடுவார்கள், வேறொன்றும் நடக்காது. சில பேராசிரியர்களுக்கு அது எரிச்சலைத்தான் மூட்டும்.

மேன்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கம், கூடிப்போனால் ஒன்றரை. பெரும்பாலானவர்கள் ‘மலையகத்தின் பின்தங்கிய தோட்டப்புறத்தில் பிறந்து வறுமையின் மத்தியில்’ என்று தொடங்குவார்கள். பேச்சுப்போட்டிக்குச் சரி. சபையில் ஒரு நாளைக்கு முப்பது விடயம் இருக்கும், உங்கள் கடிதத்துக்கு நான்கு நிமிடம். நான் எழுதச் சொல்வது இப்படி:

‘தங்களது இன்ன இலக்க, இன்ன திகதிக் கடிதம் இன்ன திகதியில் எனக்குக் கிடைத்தது. அதன்படி ரத்தான எனது பதிவை அடுத்த கல்வியாண்டிலிருந்து மீள வழங்குமாறும், இடைப்பட்ட காலத்தை ஒத்திவைப்பாகக் கருதுமாறும் வேண்டுகிறேன். தந்தை இன்ன திகதி குளவி கொட்டுக்கு ஆளானார் (இணைப்பு 1). குடும்ப வருமானம் நின்றதால் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை வேலை செய்தேன் (இணைப்பு 2, 3). ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்காதது எனது தவறு.’

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் எழுதுங்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, அறிவித்தல் தெரியவில்லை என்று சுற்றி வளைத்தால் சபையில் யாராவது ஒருவர் அறிவித்தல் பலகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். தவறை ஒத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அதற்குப் பிறகுதான் கடிதத்தின் முக்கிய பகுதி. சபைக்கு உள்ள பயம் நீங்கள் பொய் சொல்கிறீர்களோ என்பது அல்ல. திரும்ப எடுத்தால் மறுபடியும் ஓடிவிடுவீர்களோ என்பதுதான். அப்பா இப்போது வேலைக்குப் போகிறாரா, இலகு வேலை கொடுத்திருக்கிறார்களா? தங்கையின் படிப்புக்கு யார் பார்க்கிறார்? நீங்கள் தங்குவது எங்கே? அன்று உடைந்தது இன்று எப்படிச் சீராகியிருக்கிறது என்று இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள். சீராகவில்லை என்றால், தம்பி, இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டுமா என்றே யோசியுங்கள். இரண்டாவது தடவை வெட்டப்பட்டவரை மூன்றாவது தடவை எடுத்ததை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த நான்கு ஃபெயில். அதைப் பார்த்து நீங்கள் பயப்படுவது தெரிகிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பத்துப் பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட், மொத்தம் 30. நீங்கள் அனுப்பிய பெறுபேற்றில் இரண்டு பீ, இரண்டு பீ மைனஸ், இரண்டு சீ பிளஸ், நான்கு ஈ. பீக்கு 3.0, பீ மைனஸுக்கு 2.7, சீ பிளஸுக்கு 2.3, ஈக்குப் பூச்சியம். ஆறு பாடமும் சேர்ந்து 16.0, அதை 3ஆல் பெருக்கினால் 48. 48ஐ 30ஆல் வகுத்தால் 1.6. பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. ரிபீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலான பீடங்களில் சீதான் உச்சம், 2.0. நான்கையும் சீயோடு எடுத்தால் 24 கூடும். 72ஐ 30ஆல் வகுத்தால் 2.4. பட்டத்துக்குக் கேட்கும் 2.0ஐத் தாண்டிவிட்டீர்கள், இரண்டாம் வருடத்துப் பாடம் ஒன்றைக்கூடத் தொடாமல். தேறிய ஆறிலும் உங்கள் சராசரி 2.67. படிக்கத் தெரியாத பிள்ளையின் பெறுபேறு இல்லை இது. இந்தக் கணக்கை மேன்முறையீட்டின் பின்னால் ஒரு தனித் தாளில் இணையுங்கள். சபையில் இருக்கும் விஞ்ஞானக்காரர்களுக்கு அழுகையைவிட இலக்கம் சீக்கிரம் புரியும்.

ஒன்று கவனியுங்கள், பாடத்திட்டம் இடையில் மாறியிருந்தால் அந்த நான்கில் ஏதாவது இப்போது நடத்தப்படாமல் இருக்கலாம். அப்படியானால் அதற்குப் பதிலாக எந்தப் பாடம் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கி, பீடச் சபை அனுமதியும் எடுக்க வேண்டும். வாயால் ‘பரவாயில்லை, அதை எடுங்கள்’ என்று சொன்னதை நம்பி எழுதி, பட்டம் வாங்கும் நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. விரிவுரை வரவும் பொதுவாக 80 வீதம் கேட்பார்கள், ரிபீட்காரர்களுக்குச் சலுகை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடிதத்தைக் கையால் கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. இரண்டு பிரதி, ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் பதிவுத்தபால், துண்டைப் பத்திரமாக வையுங்கள். போகிற அன்றைக்கே மாணவர் ஆலோசகரையும், உங்களுக்குப் படிப்பித்த தமிழ் விரிவுரையாளர் ஒருவரையும் பாருங்கள். சபையில் உங்கள் பெயர் வரும்போது ‘இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்’ என்று ஒரு குரல் வந்தால் அது பத்து இணைப்புக்குச் சமம்.

வகுப்புத்தடை பற்றி உங்கள் நண்பருக்காகக் கேட்ட கேள்விக்கு இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். விசாரணை முடியும்வரை போடும் தடை வேறு, தண்டனையாகப் போடும் தடை வேறு. குற்றப்பத்திரத்தை எழுத்தில் கேட்க வேண்டும், பதிலையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் பேசி முடிக்கலாம் என்று இருக்கக் கூடாது. பகிடிவதை என்றால் இது பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் முடியும் விடயமில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், அதில் சிறைத்தண்டனை இருக்கிறது. உங்கள் நண்பர் உண்மையில் செய்திருந்தால், நான் அவருக்கு வழி சொல்லிக் கொடுக்கும் மனநிலையில் இல்லை. செய்யாமல் மாட்டியிருந்தால் உடனே சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சபை ‘இல்லை’ என்று சொன்னால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புதிய ஆவணம் கிடைத்தால் மீள்பரிசீலனை கேட்கலாம். அதற்கும் மேல் நீதிமன்றம். பல்கலைக்கழகம் அரச நிறுவனம் ஆனபடியால் அதன் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு மூலம் கேள்விக்குட்படுத்தலாம், பாரபட்சம் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் உண்டு. அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் கிளை இருக்கிறது. வழக்குக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். ஆனால் உங்கள் மாதிரி விடயத்தில் நீதிமன்றம் உங்களைப் பட்டதாரி ஆக்காது. முறை பிழைத்திருந்தால் திரும்பப் பார் என்று அனுப்பும், அதற்குள் காலம் போய்விடும்.

அதைவிட, திறந்த பல்கலைக்கழகம் ஒரு நல்ல இரண்டாவது வழி. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது, பதுளையிலும் உண்டு, ஹட்டனில் கற்கை நிலையம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். அதைத் தோற்றவர்கள் போகும் இடம் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே ஒப்படைகளை உரிய திகதிக்குக் கொடுத்துப் பாருங்கள், யார் இலேசு என்று தெரியும்.

திரும்பச் சேர்ந்தால் காசு விடயம் தானாகத் தொடங்காது. மஹாபொல, பேர்சரி என எந்த உதவிப்பணமாக இருந்தாலும் நின்றுபோயிருக்கும். மிச்சத் தவணைகள் உண்டா என்று நலன்புரிப் பிரிவில் எழுதிக் கேட்க வேண்டும். விடுதியிலும் புதியவர்களுக்குத்தான் முதலிடம், ஒரு போர்டிங்கை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருடத்தில் இருப்பார்கள், நீங்கள் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். ‘பேச் மிஸ்’ என்று சொல்வார்கள். நானும் பேச் மிஸ்தான். அப்பா இறந்து பரீட்சைக்குப் போகவில்லை, கடிதமும் கொடுக்கவில்லை, ஒரு வருடம் போனது. அதற்குப் பிறகு 1987 தொடக்கம் பல்கலைக்கழகங்களே மூடிக் கிடந்தபோது முழு நாடும் பேச் மிஸ் ஆகிவிட்டது, என்னைத் தனியாக யாரும் கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே தோட்ட ஒஃபீஸுக்குப் போய், அந்தக் கடிதம் எந்தத் திகதியில் வந்தது, யார் எடுத்தது என்று கிளாக்கரிடம் கேளுங்கள். தபால் பதிவுப் புத்தகம் இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுங்கள். உறை வீட்டில் எங்காவது கிடக்கும், அம்மாவைக் கேளுங்கள், பெரும்பாலும் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். அதில் இருக்கும் முத்திரைத் திகதியை எனக்கு எழுதுங்கள். முதல் பந்தியை அதற்கேற்ப நான் பார்த்துத் தருகிறேன்.